போலோ ஜிடி-க்கு அகல வீல், அகல டயர்: அளந்து வாங்கி, அளந்து மாட்டுவது எப்படி

போக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வைத்திருப்பவர்களுக்கு அகல டயர் போடும் ஆசை என்றைக்காவது வந்தே தீரும். 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். இழுவைக்குக் குறையே இல்லை. ஆனால் கம்பெனி மாட்டிக் கொடுத்த டயர் 185 அகலம்தான். வளைவில் கொஞ்சம் வேகமாக நுழைந்தால் முன்பக்கம் வெளியே தள்ளுவது ஸ்டியரிங்கிலேயே தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தாலும் அந்த உடம்புக்குக் கால் மெலிந்த மாதிரிதான் இருக்கும்.

அதனால் கடைக்குப் போகிறோம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடாக இருந்தாலும் ஊர்ப் பக்கம் டயர் கடையாக இருந்தாலும் வாசலிலேயே பளபளவென்று பதினேழு அங்குல வீல்கள் தொங்கும். "தாராளமா பிட் ஆகும் சார், நிறைய போலோவுக்குப் போட்டிருக்கோம்" என்பார்கள். மாட்டினால் உட்காரும், அது உண்மைதான். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசுமா, பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் உரசுமா, போல்ட் சரியாகக் கவ்வுமா என்பதெல்லாம் வேறு கேள்விகள். அதற்கெல்லாம் பதில் சில எண்களில் இருக்கிறது. அந்த எண்களை நீங்களே தெரிந்துகொண்டு போனால் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

இங்கே போலோவை வைத்தே சொல்கிறேன். வென்டோ, ரேபிட், இப்போது வரும் விர்டஸ், ஸ்லாவியா எல்லாவற்றுக்கும் பிசிடி-யும் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் அளவு) ஹப் அளவும் (வீல் உட்காரும் நடுப்பாகத்தின் அளவு) இதேதான், டயர் அளவு மட்டும் மாறும். வேறு வண்டி என்றால் எண்கள் மாறும், முறை மாறாது.

கையில் இருப்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

டயரின் பக்கச் சுவரில் 185/60 ஆர்15 84எச் என்கிற மாதிரி எழுதியிருக்கும். 185 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவீதம், அதாவது 111 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 84 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, 500 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும்.

185, 60, 15 என்ற மூன்று எண்களிலிருந்து டயரின் மொத்த விட்டம் கிடைத்துவிடும். 15 அங்குலம் 381 மி.மீ., மேலும் கீழும் இரண்டு பக்கச் சுவர் 222 மி.மீ., ஆக 603 மி.மீ. இந்த 603-ஐ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த ஜிடி-களில் 195/55 ஆர்16 வந்தது. அதற்கு விட்டம் 621. உங்கள் வண்டி எது என்று பார்த்துக்கொண்டு அதற்கேற்பக் கணக்குப் போடுங்கள். நான் பதினைந்து அங்குல வண்டியை வைத்துச் சொல்கிறேன்.

அடுத்தது வீல். ஒரு வீலைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினால் அச்சில் வார்த்த எழுத்துகள் தெரியும். 6ஜே×15 என்றால் ஆறு அங்குல அகலம், பதினைந்து அங்குல விட்டம். ஈடி என்று போட்டு ஒரு எண் இருக்கும், அதுதான் ஆஃப்செட். பிரேக் தூசி படிந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஷாம்பு தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டு போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் காட்டவும் உதவும்.

மீதி மூன்று எண்களும் போலோவுக்கு நிலையானவை. பிசிடி 5×100, அதாவது ஐந்து போல்ட், 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில். நடுத் துளை 57.1 மி.மீ. போல்ட் எம்14×1.5.

டயர் முதலில், வீல் அப்புறம்

எல்லோரும் வீல் டிசைனைப் பார்த்து மயங்கிவிட்டு, அதற்கு எந்த டயர் போகும் என்று தேடுவார்கள். அந்த வரிசையிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. எந்த அளவு டயர் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். அந்த டயருக்கு ஏற்ற அகலத்தில் வீல் தேடுங்கள்.

டயரின் மொத்த விட்டம் பழைய விட்டத்திலிருந்து மூன்று சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ஒன்றரைக்குள் நின்றால் இன்னும் நல்லது. விட்டம் கூடினால் ஸ்பீடாமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும், இழுவை மந்தமாகும், மேலே மட்கார்டு லைனரில் (உள்பக்கப் பிளாஸ்டிக் உறையில்) உரசவும் வாய்ப்பு கூடும். குறைந்தால் வண்டி தாழும், ஸ்பீடாமீட்டர் அதிகமாகக் காட்டும்.

பொதுவாகப் பேச்சில் அடிபடும் அளவுகளைப் போட்டுப் பார்ப்போம். 195/55 ஆர்15 என்றால் விட்டம் 595, ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறைவு. பழைய வீலிலேயே போகும், வீல் செலவே இல்லை. 205/50 ஆர்16 என்றால் 611, ஒன்றரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடுகிறது. 215/40 ஆர்17 என்றால் 604, விட்டம் ஏறக்குறைய அச்சு அசலாகப் பொருந்துகிறது. எல்லாக் கடையிலும் கிடைக்கிறது என்பதற்காகவே பலர் தலையில் கட்டப்படும் 205/55 ஆர்16-க்கு விட்டம் 632. கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் அதிகம். ஓடோமீட்டரில் 1,000 கி.மீ. ஓடினால் வண்டி உண்மையில் 1,048 கி.மீ. ஓடியிருக்கும். பதினைந்து அங்குல வண்டிக்கு அது வேண்டாம். 195/55 ஆர்16-ல் வந்த வண்டிக்கு அதே டயர் இரண்டு சதவீதத்துக்குள் வந்துவிடும், அங்கே பேசலாம்.

விட்டம் சரியாக இருக்கிறதே, 215/40 ஆர்17 போட்டால் என்ன? இங்கேதான் நம் ரோடு குறுக்கே வருகிறது. பழைய டயரின் பக்கச் சுவர் 111 மி.மீ., இதில் 86. ஒவ்வொரு பள்ளத்திலும் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நிற்கும் ரப்பரும் காற்றும் 25 மி.மீ. குறைந்துபோகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் எது குட்டை, எது குழி என்று தெரியாது. ஒரே அடியில் டயரின் பக்கத்தில் முட்டை மாதிரி வீங்கிவிடும், ரிம் வளையும், சில சமயம் விரிசலும் விடும். இன்னொன்று: இந்த அளவில் சாதாரண டயர் 83 என்ற குறியீட்டில் வரும். அது 487 கிலோதான், பழையதைவிடக் குறைவு. எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கும் வகை) என்று போட்ட 87 குறியீடு டயராகப் பார்த்து வாங்க வேண்டும், அதற்குக் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும். ஏற்கெனவே மெல்லிய டயர், அதில் காற்றும் அதிகம் என்றால் ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் தெரியும்.

என் கணக்கில் போலோவுக்குச் சரியான இடம் 205/50 ஆர்16. பக்கச் சுவர் 102 மி.மீ.-க்கு மேல் மிஞ்சுகிறது. 87 குறியீட்டில் 545 கிலோ தாங்கும். அகலம் இரண்டு சென்டிமீட்டர் கூடுகிறது. வண்டியின் குணம் கெடாது. இதைவிட அகலமாக 225 வரை போகிறவர்கள் உண்டு. அவர்கள் பெரும்பாலும் போட்டோவுக்காகப் போகிறார்கள்.

வாங்கும் முன் ஒன்று கவனியுங்கள். அந்த அளவு டயர் உங்கள் ஊரில் கிடைக்கிறதா, எத்தனை பிராண்டில் கிடைக்கிறது என்று நாலு கடைக்குப் போன் போட்டுக் கேளுங்கள். ஒரு டயர் குழியில் போய்விட்டால் அதே மாடல் இன்னொன்று ஒரு வாரத்தில் வரவேண்டும். வராத அளவு எவ்வளவு அழகாக இருந்தாலும் தலைவலிதான். நீங்கள் தேடுகிற அளவு எங்கும் கிடைக்கவில்லை என்றால் பழைய வீலிலேயே 195/55 ஆர்15-ஐ நல்ல ரப்பரில் போட்டு நிறுத்திக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை. மட்ட ரப்பரில் செய்த 215-ஐவிட நல்ல ரப்பரில் செய்த 195 ஈர ரோட்டில் நன்றாகப் பிடிக்கும். கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் தடத்தில் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் டிராக் நாளுக்கு வருகிறவர்களிடம் பேசிப் பாருங்கள், அகலத்தைவிட ரப்பரைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

டயர் சுவரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக இருக்கும்: 2324 என்றால் 2024-ன் 23-ஆவது வாரம். கடையில் இரண்டு மூன்று வருடம் கிடந்த டயரைப் புது விலைக்கு வாங்காதீர்கள். அதிகம் ஓடாத அளவுகளில்தான் இப்படிக் கிடக்கும் சரக்கு மாட்டும்.

ஆஃப்செட்: இந்த ஒரு எண்ணில்தான் எல்லாம்

வீலைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அகலத்தின் சரிபாதியில் ஒரு கோடு. வீல் ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். எண் கூடக்கூட வீல் வண்டிக்குள் இறங்கும், குறையக்குறைய வெளியே துருத்தும்.

கணக்கு எளிது. ரிம் அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால், ஹப் முகத்திலிருந்து வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது வரும். பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் உள்ளே எவ்வளவு போகிறது என்பது வரும்.

உங்கள் பழைய வீல் 6ஜே, ஈடி 40 என்று வைத்துக்கொள்வோம். ஆறு அங்குலம் 152.4 மி.மீ., பாதி 76.2. வெளியே 36.2, உள்ளே 116.2. இப்போது 7ஜே, ஈடி 40 வாங்குகிறீர்கள். ஏழு அங்குலம் 177.8, பாதி 88.9. வெளியே 48.9, உள்ளே 128.9. ஆக இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. கூடுகிறது. அதே 7ஜே-யை ஈடி 45-ல் வாங்கினால் வெளியே ஏழு எட்டு மி.மீ.தான் கூடும், உள்ளே 17.7 போகும். முன்பக்கம் ஷாக் அப்சார்பர் உடம்பை எட்டிப் பார்க்கும். ஈடி 35 என்றால் நேர்மாறு: உள்ளே 7.7, வெளியே 17.7.

அகலத்தை ஏற்றி, ஆஃப்செட்டையும் கண்டபடி குறைத்த வீல்தான் சந்தையில் அதிகம், ஏனென்றால் வெளியே தள்ளிக்கொண்டு நிற்பது பார்க்கக் கெத்தாக இருக்கும். 8ஜே, ஈடி 35 என்றால் வெளியே முப்பது மி.மீ. கூடுகிறது. மட்கார்டைத் தாண்டி டயர் எட்டிப் பார்க்கும், சேறெல்லாம் கதவில் அடிக்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும், பிரேக் அடிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கலாம். தெருவில் ஓடும் போலோவுக்கு 6.5ஜே அல்லது 7ஜே, ஆஃப்செட் பழைய எண்ணிலிருந்து மூன்று நான்குக்கு மேல் மாறாமல் இருந்தால் நிம்மதி. 205/50 ஆர்16 டயருக்கு 5.5 முதல் 7.5 அங்குலம் வரை ரிம் அகலம் அனுமதி உண்டு, அதனால் இரண்டுமே பொருந்தும்.

ரிம் கணக்கு மட்டும் போட்டுவிட்டு நின்றுவிடக் கூடாது. டயர் ரிம்மைத் தாண்டிப் பக்கவாட்டில் வீங்கும். ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரும் சுமார் ஐந்து மி.மீ. விரியும். அதே 205 என்றாலும் பிராண்டுக்குப் பிராண்டு தோள் (ரோட்டில் படும் பகுதியும் பக்கச் சுவரும் சேரும் ஓரம்) வடிவம் மாறும். சதுரத் தோள் டயர் உரசுகிற இடத்தில் உருண்டைத் தோள் டயர் தப்பிவிடும்.

வண்டியில் அளப்பது

சமதளத்தில் நிறுத்தி, சக்கரம் நேராக இருக்கும்படி வையுங்கள். ஒரு நூலில் நட் ஒன்றைக் கட்டி, மட்கார்டு விளிம்பின் உச்சியிலிருந்து தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயரின் வீங்கிய பக்கத்துக்கும் இடையே எத்தனை மி.மீ. என்று ஸ்கேலில் அளந்து எழுதுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நான்கையும் அளக்க வேண்டும். இடமும் வலமும் சில மி.மீ. வித்தியாசம் வந்தால் பதறாதீர்கள், பல வண்டிகளில் அப்படித்தான் இருக்கும். இடம் குறைவாக இருக்கும் பக்கத்தைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்பக்கம் அளக்க, ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்துவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். டயரின் உள்சுவருக்கும் ஷாக் அப்சார்பர் குழாய்க்கும், ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கும் இடையே எவ்வளவு இடம்? ஸ்கேல் நுழையாத இடம் அது. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, இறுக்கமானதும் வெளியே எடுத்து அடுக்கின் கனத்தை அளந்தால் சரியாக வந்துவிடும். புது வீல் உள்ளே எத்தனை மி.மீ. அதிகம் போகிறதோ அதைக் கழித்த பிறகும் ஐந்து மி.மீ. மிஞ்ச வேண்டும்.

எங்கே உரசும் என்று முன்பே தெரிந்துகொண்டால் அங்கே கண் வைக்கலாம். முன்பக்கம் முழு ஒடிப்பில் பம்பரின் பின்மூலையும் பிளாஸ்டிக் லைனரும். பின்பக்கம் போலோவில் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்), உள்ளே இடம் தாராளம், ஆனால் ஆள் ஏறி டிக்கியில் சாமானும் வைத்தால் மட்கார்டின் உள்மடிப்பு இறங்கி வந்து டயரின் தோளைச் சீவும். அந்த மடிப்பை அடித்து மடக்கித் தருகிறோம் என்பார்கள். அதில் பெயின்ட் நுண்ணிய விரிசல் விடும், கடற்கரை ஊரில் ஒரே மழையில் துரு ஆரம்பிக்கும். மடிப்பை அடிக்க வேண்டிய நிலை வந்தால் நீங்கள் எடுத்த ஆஃப்செட் தப்பு என்று அர்த்தம். வீலை மாற்றுங்கள்.

வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கும் போடும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். பிறகு உரசினால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

வீல் வாங்கும்போது

பிசிடி 5×100 என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள். லாரா, ஜெட்டாவில் இருந்து கழற்றிய அழகான வீல்கள் சென்னை புதுப்பேட்டைப் பக்கம் கிடைக்கும். அவை 5×112, போலோவில் உட்காராது. அடாப்டர் போட்டுத் தருகிறோம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். கொரோலா ஆல்டிஸ் வீல் 5×100தான், ஆனால் நடுத் துளை 54.1. போலோவின் ஹப் 57.1. உள்ளேயே போகாது.

புது அலாய் வீல்களில் நடுத் துளை பெரும்பாலும் 73.1 என்று பெரிதாக விட்டிருப்பார்கள், எல்லா வண்டிக்கும் விற்கலாமே என்று. அதற்கு 73.1-க்கு 57.1 என்று ஹப் வளையம் வாங்கிப் போட வேண்டும். இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக வளையம் இல்லாமல் மாட்டினால், வீல் நடுவில் உட்காராமல் 80, 90-ல் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் அது போகாது. வளையம் வீலில் கையால் அழுத்தினால் உள்ளே போகிற மாதிரியும் லொடலொடவென்று ஆடாமலும் இருக்க வேண்டும்.

வீலின் பின்பக்கம் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற முத்திரைகளைப் பாருங்கள். இரண்டும் ஜப்பானியத் தர முத்திரைகள். முதலாவது தயாரிப்பாளரே உறுதியளிப்பது, இரண்டாவது வெளியார் சோதித்தது. போலிகளிலும் அச்சடித்திருப்பார்கள், அதனால் இதை மட்டும் நம்பவும் முடியாது. ஒரு வீல் தாங்கும் எடை கிலோவில் வார்த்திருக்கும். அது இல்லாத வீலை நான் தொடவே மாட்டேன். பழைய வீலையும் புது வீலையும் குளியலறை எடைமெஷினில் வைத்துப் பாருங்கள். புதியது ஒன்றுக்கு இரண்டு கிலோ அதிகம் என்றால் வேறு வீல் தேடுவது நல்லது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை கூடினால் வண்டி குதிக்கும், வேகமெடுக்கும் சுறுசுறுப்பும் போகும். எதற்காகச் செலவு செய்தீர்களோ அதுவே கெடும்.

போல்ட்: இதில் சமரசம் கூடாது

சுஸுகி மாதிரி ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டில் (மரை போட்ட தண்டில்) நட் போடும் வண்டி இல்லை இது. போல்ட் வீல் வழியாக ஹப்புக்குள் முறுக்கேறும். போலோவின் கம்பெனி போல்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலைக்குக் கீழே, வீலில் உட்காரும் இடம் பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். வெளியே விற்கும் அலாய் வீல்கள் பெரும்பாலும் கூம்பு வடிவத் துளையோடு வரும். உருண்டை போல்ட்டைக் கூம்புத் துளையில் முறுக்கினால் இறுகின மாதிரிதான் தெரியும். ஆனால் மெல்லிய வளையமாக ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். நாலு நாள் ஓட்டத்தில் அலுமினியம் அங்கே நசுங்கி, போல்ட் தளர ஆரம்பிக்கும். வீல் கழன்று ஓடுகிற கதைகளுக்குப் பின்னால் இது பல தடவை இருக்கும்.

ஆகவே வீலின் துளை கூம்பா உருண்டையா என்று பார்த்து, அதற்கேற்ற போல்ட் இருபதும் வாங்குங்கள். நீளமும் முக்கியம். வீலை ஹப்பில் வைத்து, ஒரு போல்ட்டைக் கையால் மட்டும் சுற்றுங்கள். மரை பிடித்ததிலிருந்து தலை உட்காரும் வரை எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். முழுதாக எட்டுச் சுற்றாவது வர வேண்டும். குறைந்தால் நீளமான போல்ட் தேவை. ரொம்ப நீளமாக இருந்தாலும் ஆபத்து, ஹப்பின் பின்னால் நீட்டிக்கொண்டு ஏதாவது ஒன்றை உரசும். நாலு போல்ட் மாட்டியபின் வீலைக் கையால் சுற்றிப் பார்த்தால் 'கிரீச்' என்ற சத்தத்தில் தெரிந்துவிடும்.

மாட்டும் நாள்

நான்கு வீலுக்கும் டயர் ஏற்றச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். முதலில் டயர் இல்லாமல் வெறும் வீல் ஒன்றை முன்பக்கம் மாட்டச் சொல்லுங்கள். பிரேக் காலிபருக்கும் (பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) ஸ்போக்கின் உள்பக்கத்துக்கும் இடைவெளி இருக்கிறதா, வீல் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஈடி, பிசிடி எல்லாம் சரியாக இருந்தும் ஸ்போக் வளைவினால் காலிபரில் இடிக்கும் வீல் உண்டு. அப்புறம் ஒரே ஒரு வீலுக்கு டயர் ஏற்றி மாட்டி, இறக்கி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பாருங்கள். இதுவரை எல்லாம் சரி என்றால்தான் மற்ற மூன்றுக்கும் டயர். ஒரு தடவை டயர் ஏற்றிய வீலைப் பெரும்பாலான கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள். இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஹப்பின் முகத்தில் துருவும் அழுக்கும் செதில் மாதிரி இருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். அதன்மேல் வீல் உட்கார்ந்தால் ஆடும், போல்ட்டும் பின்னால் தளரும். போல்ட் மரையில் எண்ணெய் விடக் கூடாது. முறுக்கும் அளவே மாறிப்போகும்.

ஐந்து போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். பிறகு ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, சக்கரம் தரையைத் தொட்டபின் டார்க் ஸ்பேனரில் (முறுக்கும் விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) 120 நியூட்டன் மீட்டருக்கு முடியுங்கள். கடையில் ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று ஒரே அடியாக அடிப்பார்கள். அண்ணே, கையால இறுக்கிக்கிறேன் என்று பணிவாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். டார்க் ஸ்பேனர் சொந்தமாக ஒன்று வாங்கினாலும் நஷ்டமில்லை, ஐம்பதிலிருந்து நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும்.

பேலன்சிங்கில் ஒட்டும் எடைகளை உள்பக்கம் ஒட்டும்போது காலிபர் உரசாத இடமா என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்தது வீல் அலைன்மென்ட். அகல டயர் தப்பான அலைன்மென்ட்டை மன்னிக்காது, உள்ஓரத்துப் பட்டன் மட்டும் சில ஆயிரம் கி.மீ.-லேயே வழித்துவிடும்.

காற்றின் அளவை வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருந்தே தொடங்குங்கள். 205/50 ஆர்16 பழைய டயரைவிட அதிகம் தாங்கும் என்பதால் அது போதும்.

ஓட்டிப் பார்ப்பது

காலி மைதானத்தில் முழு ஒடிப்பில் முன்னாலும் பின்னாலும் மெதுவாக ஓட்டுங்கள், ஜன்னலைத் திறந்து வைத்து, பாட்டை நிறுத்திவிட்டு. பிறகு பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றி, பெட்ரோலும் நிரப்பி, உங்கள் ஊரின் மோசமான ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்குங்கள். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து லைனரையும் மட்கார்டு மடிப்பையும் பாருங்கள். உரசிய இடம் அழுக்கில்லாமல் பளபளவென்று இருக்கும். லைனரில் ஓரமாக லேசாகத் தொட்டிருந்தால் விட்டுவிடலாம். இரும்பில் பட்டிருந்தால் விடக் கூடாது.

சில மாற்றங்கள் இயல்பு. ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும். லாரிகள் உழுத தடத்தில் வண்டி அந்தத் தடத்தோடு போகப் பார்க்கும். மைலேஜ் சற்று இறங்கும். முக்கியமானது மழை: அகல டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும். காய்ந்த ரோட்டில் கிடைத்த பிடிப்பை நம்பி ஐப்பசி மழையில் அதே வேகத்தில் போகாதீர்கள்.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மட்கார்டை விட்டுத் துருத்தும் டயர்தான் போலீஸ்காரர் கண்ணில் முதலில் படும். கம்பெனியே அந்த மாடலுக்குக் கொடுத்த அளவுகளில் நின்றால் பேச்சு குறைவு. அதைத் தாண்டுகிறீர்கள் என்றால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வீல் மாற்றியதை எழுத்தில் தெரிவித்து, பில்லையும் அனுப்பி, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால் கிளெய்ம் நேரத்தில் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

ஸ்டெப்னியை மறக்காதீர்கள்

டிக்கிக்குள் இருப்பது பழைய அளவு வீல்தான். அதன் துளை கம்பெனியின் உருண்டை போல்ட்டுக்கானது. நீங்கள் புதிதாக வாங்கிய கூம்பு போல்ட் அதில் ஒழுங்காக உட்காராது. கழற்றிய பழைய போல்ட்டில் ஐந்தை ஒரு துணிப்பையில் கட்டி ஜாக்கி பக்கத்திலேயே போட்டு வையுங்கள். புது வீலுக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு போல்ட் போட்டிருந்தால் அதன் சாவியும் அதே பையில். ஸ்டெப்னியின் விட்டம் 603, மற்றவை 611. அதனால் ஸ்டெப்னியில் நிதானமாகப் பஞ்சர் கடை வரை போய், உடனே மாற்றிவிடுங்கள். முன் சக்கரத்தில் போட்டுக்கொண்டு நாள்கணக்கில் ஓட்டினால் இரண்டு சக்கரத்தின் சுழற்சி வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் சும்மா இருக்கும் நேரமே இருக்காது. பஞ்சர் ஆனது முன்சக்கரம் என்றால், பின்னாலிருந்து ஒரு நல்ல வீலைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.